கேட்பவர்க்காகப் பேசுதல்

பேசக் கற்றுவிட்டோம் என்ற எண்ணத்துடனேயே நாம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறோம். எதைப் பேசுவது, எப்போது பேசுவது, எப்போது வாய்மூடி இருப்பது என்பவற்றை நமக்கு யாரும் முறையாகக் கற்பிப்பதில்லை. அறுபத்திரண்டாம் அகவையில் அவற்றை நமக்குக் கற்பித்தவர்கள் நம் பிள்ளைகள் இருவரே. கற்ற இடமோ, எந்நாளும் நாம் வெறுத்து வந்த ஒரு கணிப்பொறி விளையாட்டு. பெற்றோராக இருக்கும் வாசக அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், நமக்கு நேர்ந்த தலைகுனிவையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு. மணி பதினொன்றரை கடந்துவிட்டது. கல்லூரியில் பயிலும் நம் மூத்த மகனின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தோம். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, திரையை உற்று நோக்கியபடி அசையாமல் அமர்ந்திருந்தான். நாம் வந்ததைக் கவனிக்கவும் இல்லை. அன்று காலைதான் அவனுடைய பருவத் தேர்வின் மதிப்பெண்கள் வந்திருந்தன. உள்ளே அடக்கி வைத்திருந்த சினமெல்லாம் பொங்கி எழுந்தது. “உருப்படுகிற பிள்ளை செய்கிற காரியமா இது? உன்னைப் பெற்றதற்குத் தண்டனையா?” என்று தொடங்கி, இங்கே எழுதத் தகாத சொற்களையும் சொல்லிவிட்டோம். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அடுத்த நொடியே திரையில் ஏதோ வெடித்தது. அவன் ஒன்றும் பேசாமல் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கை அணைத்தான். அதன் பின் மூன்று வாரங்கள் அவன் நம்முடன் பேசவில்லை. “சாப்பிட்டாயா?” என்றால் தலையசைப்பு, அவ்வளவே.

மேல்நிலை வகுப்பில் பயிலும் நம் இளைய மகள்தான் ஒருநாள் மாலை அடுக்களையில் தன் அன்னையின் அருகில் நின்றபடி உண்மையைச் சொன்னாள். “அப்பா, அன்றைக்கு அண்ணனுடைய மைக் திறந்திருந்தது. நீங்கள் பேசியதை அவனுடைய நண்பர்கள் நான்கு பேரும் கேட்டார்கள். அது கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டி. அணியில் அண்ணன் ஒருவன்தான் மிச்சம். வெடிபொருளைச் செயலிழக்கச் செய்துகொண்டிருந்தான். 7 விநாடி வேண்டும். 4 விநாடி முடிந்துவிட்டது. எதிரியின் காலடி ஓசை அவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக மற்ற நான்கு பேரும் மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள்.”

நால்வர் அவனுக்காக வாய்மூடி இருந்த வேளையில், வாய் திறந்தவர் நாம் ஒருவரே! துணைவியார் நம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மகனிடம் சென்று, “நீ விளையாடும்போது அருகில் அமர்ந்து பார்க்கலாமா?” என்று கேட்டோம். ஐயத்துடன் நோக்கியவன், “பேசாமல் உட்காருவதானால் பார்க்கலாம்” என்றான். மூன்று வாரங்களில் அவன் நம்மிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். சனிக்கிழமை மாலை, மகள் தன் ஹெட்செட்டையும் அதே கணிப்பொறியில் இணைத்து நம் காதில் மாட்டிவிட்டாள்.

விளையாட்டின் பெயர் ‘வாலரண்ட்’. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘ரயட் கேம்ஸ்’ என்னும் அமெரிக்க நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இதற்கு மூத்தது, 1999-இல் இரு இளைஞர்கள் ‘ஹாஃப் லைஃப்’ என்ற விளையாட்டை மாற்றியமைத்து உருவாக்கிய ‘கவுன்டர் ஸ்டிரைக்’. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் நம் ஊர்களின் பிரௌசிங் சென்டர்களில் பையன்கள் ஒருவரையொருவர் கூவி அழைத்து விளையாடியது பலருக்கு நினைவிருக்கும். அணிக்கு ஐவர். ஓர் அணி ‘ஸ்பைக்’ என்னும் வெடிபொருளைக் குறித்த இடத்தில் வைக்க முயலும். மற்ற அணி தடுக்கும். ஒரு சுற்றுக்கு 100 விநாடி. வைத்துவிட்டால் 45 விநாடியில் வெடிக்கும். ஒருமுறை வீழ்ந்தவன் பொதுவாக அந்தச் சுற்று முடியும் வரை எழ முடியாது. எஞ்சியோர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவர்களோடு பேசவும் செய்யலாம். முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணிக்கு வெற்றி. 12-க்கு 12 என நின்றால் மட்டும் ஆட்டம் நீளும்.

ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு வீடுகளில் இருக்கிறார்கள். ஒருவன் காண்பதை மற்றவன் காண்பதில்லை. ஆகவே துப்பாக்கியைவிடச் சொல்லே பெரிய கருவி என்பதைக் கால் மணி நேரத்தில் கண்டுகொண்டோம்.

முதலில் நம்மைக் கவர்ந்தது இடப்பெயர்கள். களத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர் உண்டு. வெனிஸ் நகரின் சாயலில் அமைந்த ‘அசென்ட்’ என்னும் களத்தில் மார்க்கெட், ட்ரீ, வைன், கார்டன் என்றெல்லாம் பெயர்கள். வெடி வைக்கும் இடத்தை மேலிருந்து நோக்கும் மேடைக்கு ‘ஹெவன்’ என்றும், அதன் அடிப்பகுதிக்கு ‘ஹெல்’ என்றும் ஆட்டக்காரர்கள் வழங்குகிறார்கள். “ஹெவனில் ஒருவன், ஹெல்லில் இருவர்” என்று ஒரு பையன் பரபரப்போடு அறிவித்தபோது, ஆன்மாக்களின் கணக்கைக் கேட்பதுபோல் நமக்குச் சிரிப்பு வந்தது. பேசக் கூடாதென்ற ஆணையை நினைந்து அடக்கிக்கொண்டோம்.

“அங்கே இருக்கிறான்!” என்று ஒருவன் கத்தினால் யாருக்கும் பயனில்லை. அவனுடைய ‘அங்கே’ அவன் திரையில் மட்டுமே உள்ளது. “இடப்பக்கம்” என்றாலும் அப்படித்தான், யாருடைய இடப்பக்கம்? நம் இல்லங்களிலோ, “அதை எடுத்து அங்கே வை” என்று சொல்லிவிட்டு, வைக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறோம்!

இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று என்பதே வெட்கம். நாம் இரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றோம். அடுத்த நிலையத்தாரிடம் வழி கேட்கும்போது, “அந்த வண்டி வரலாமா?” என்று எந்த நிலைய அதிபரும் கேட்பதில்லை. வண்டியின் எண்ணைச் சொல்லுவோம். அவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். இசைவுக்கு அடையாளமாக அச்சிட்ட தாளிலிருந்து ‘பிரைவேட் நம்பர்’ ஒன்றைத் தருவார்; அதை ஏட்டில் எழுதுவோம். சொன்னது சென்று சேர்ந்தது என்று அறியும் வரை சொல்லியதாகக் கருதுவதில்லை. பணியில் சேர்ந்த புதிதில், அரைகுறையாகச் சொன்னதற்காக மூத்த அதிபர் ஒருவர், “நீ பேசியது உன் வாய்க்குத் தெரியும், அவர் காதுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். பணியில் அதை மறவாதிருந்த நாம், இல்லத்தின் வாயிற்படியில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டோம் போலும்.

நல்ல செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று ஆட்டத்தின் இடைவேளையில் மகன் விளக்கினான். எங்கே, எத்தனை பேர், என்ன நிலையில் — இம்மூன்றே போதும். “மார்க்கெட்டில் இருவர். ஒருவனுக்கு 84 குறைத்தேன்.” இத்தனை சொற்களில் எவ்வளவு பொருள்! ஒருவனுக்கு உயிர் 100 புள்ளி. முழுக் கவசம் அணிந்தால் 150. 84 குறைந்தவன் இன்னும் ஓரிரு குண்டுகளில் வீழ்வான் என்பதை அறிந்து நண்பன் துணிந்து முன்னேறுகிறான். “அவனுக்கு நிறைய அடி” என்று சொல்லியிருந்தால் துணிவு பிறக்காது. பொய்யாகக் கூட்டிச் சொன்னாலோ, நம்பிச் சென்ற நண்பன் வீழ்வான். காலமும் முக்கியம். “இருக்கிறான்” என்பதற்கும் “இருந்தான்” என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் உயிரின் விலை. பத்து விநாடிக்கு முன் கண்டதை இப்போது காண்பதுபோல் சொல்வதும் பொய்யே அன்றோ?

மொழியாலும் இடர் வரும். முன்பின் அறியாதவர்களோடு விளையாடுகையில், மும்பையிலுள்ள சர்வரில் பல மொழியினரும் ஓரணியில் சேர்ந்துவிடுகிறார்கள். இந்திக்காரப் பையன் ஒருவன் “பீச்சே, பீச்சே!” என்று பதறியபோது, நம் மகன் ‘பி’ என்னும் இடத்தைச் சொல்வதாக எண்ணி அங்கே ஓடினானாம். “பின்னால்” என்பதல்லவா அதன் பொருள்! எதிரி பின்னாலேயே வந்து சுட்டான். தமிழ்ப் பையன்களுக்கும் இந்த இடர் உண்டு. ‘ஏ’ என்பது ஓர் இடத்தின் பெயர். நண்பனைக் கூப்பிடவும் நமக்கு அதே எழுத்துத்தானே? ஒருவன் “ஏ! ஏ!” என்று கூவ, நால்வரும் ‘ஏ’ நோக்கி ஓடிய கதையை மகள் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவர்கள் இடத்தைக் குறிப்பதானால் “ஏ சைட்” என்று முழுவதுமாகவே சொல்லுகிறார்களாம். இரண்டு எழுத்து மிச்சம் பிடிக்கப் போய் ஆட்டத்தை இழப்பானேன்?

முன்கூட்டிச் சொல்லுதல் என்பதும் ஒன்றுண்டு. கண்ணைக் கூசச் செய்யும் ‘ஃபிளாஷ்’ பகைவரை மட்டுமன்றி, எதிரே பார்த்து நிற்கும் நண்பனையும் குருடாக்கும். ஆகவே எறிவதற்கு முன்பே “ஃபிளாஷ் போடுகிறேன்” என்று சொல்லியாக வேண்டும். எறிந்த பின் சொல்வது மன்னிப்புக் கேட்பதாகும், செய்தியாகாது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கையிலுள்ள பணத்தில் கருவிகள் வாங்கச் சிறிது நேரம் தரப்படுகிறது. மூவர் செலவிட, இருவர் சேமிக்க நினைத்தால் அச்சுற்றும் போகும், அடுத்த சுற்றும் தள்ளாடும். “இந்தச் சுற்றில் சேமிப்போம்” என்று ஒருவன் சொல்லி, மற்ற நால்வரும் “சரி” என்கிறார்கள். அந்தச் “சரி”யைக் கேட்டபோது நமக்குப் பழைய பிரைவேட் நம்பர் ஏடு கண்முன் வந்தது. ஐவருள் ஒருவன் முடிவெடுப்பவனாக இருக்கிறான். அவன் திட்டத்தைவிடச் சிறந்தது தோன்றினாலும், நடுவழியில் வாதாடுவதில்லை. ஐவரும் ஒருமனமாகச் செய்யும் நடுத்தரமான திட்டம், ஐந்து பேரின் ஐந்து சிறந்த திட்டங்களை வெல்லும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைத் தைத்தது வீழ்ந்தவனுக்குரிய ஒழுக்கமே. சுடப்பட்டவன், எங்கிருந்து யாரால் வீழ்ந்தான் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அமைதியாகிவிட வேண்டும். எஞ்சியவன் ஆடும் திரையைப் பார்த்துக்கொண்டு, “வலப்பக்கம் போ, அதை எடு, ஏன் நிற்கிறாய்?” என்று ஏவக் கூடாது. களத்தில் ஓடுபவனின் காலடி கேட்கும். மெல்ல நடப்பவனின் காலடி கேட்காது. ஆகவே தனித்து நிற்பவனுக்குக் காதே கண். அவன் காதைச் சொற்களால் நிரப்புவது கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

மகன் வேறொரு செய்தியும் சொன்னான். ‘கவுன்டர் ஸ்டிரைக்’ போட்டிகளில், ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளர்கள் ஆட்டம் முழுவதும் பேசிக்கொண்டே இருந்ததால், ஐவர் ஆட வேண்டியதை அறுவர் ஆடுவதாயிற்றாம். எனவே அதை நடத்தும் ‘வால்வ்’ நிறுவனம் 2016 ஆகஸ்டில் ஒரு விதி வகுத்தது: ஆட்டத்திற்கு முந்திய ஆயத்த நேரத்திலும், இடைவேளையிலும், 30 விநாடி கொண்ட நான்கு இடைநிறுத்தங்களிலும் மட்டுமே பயிற்சியாளர் பேசலாம். “பயிற்சியாளருக்கே அப்படியா!” என்றோம். மகன் நம்மைத் திரும்பிப் பார்த்தான். முதன்முறையாக அவன் உதட்டில் சிறு நகை அரும்பியது. பிள்ளைகளின் பின்னால் நின்றுகொண்டு ஓயாமல் பேசும் பெற்றோரெல்லாம் இவ்விதியைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

அன்று ஒரு சுற்றில் அணியிலுள்ள பையன் ஒருவன் பெரும் பிழை செய்தான். காக்க வேண்டிய வழியை விட்டுத் தனியே ஓடி வீழ்ந்தான். நாமாக இருந்தால், “நீ ஏன் போனாய்?” என்று கேட்டிருப்போம். நம் மகன் சொன்னது இது: “பரவாயில்லை. அடுத்த முறை போகும்போது சொல், நான் உன் பின்னால் வருகிறேன்.” இரண்டு சொற்றொடர்களையும் அன்பர்கள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். முன்னது நடந்து முடிந்ததைப் பற்றியது. அதற்கு விடையளித்தாலும் ஒன்றும் திரும்பாது. பின்னது நடக்கப்போவதைப் பற்றியது. அதில் ஒரு வாக்குறுதியும் உண்டு. திட்டப்பட்ட பையன் அடுத்த சுற்றில் எதையும் சொல்ல அஞ்சுவான். அவன் கண்டதும் அணிக்குக் கிட்டாமல் போகும். அன்றிரவு நாம் சொன்ன சொற்களை எண்ணிப் பார்த்தோம். எங்கே, எத்தனை, என்ன நிலை — ஒன்றும் இல்லை. மதிப்பெண் குறைந்த பாடம் எது, ஏன் குறைந்தது, நம்மால் ஆவதென்ன என்பதும் இல்லை. நம் ஆற்றாமையை இறக்கி வைக்க அவன் காதைப் பயன்படுத்தினோம். பேசுபவனின் பாரத்தைக் குறைக்கும் பேச்சு வேறு; கேட்பவனின் கைக்கு ஒன்றைத் தரும் பேச்சு வேறு.

இனி, நாம் எதிர்பாராத ஒன்று. நம் மகளும் இதை விளையாடுகிறாள் என்று அப்போதுதான் அறிந்தோம். ஆனால் அறியாதவர்களோடு ஆடும்போது அவள் வாயே திறப்பதில்லையாம். “பெண் குரல் கேட்டதும் கேலி செய்வார்கள் அப்பா. சிலர் அசிங்கமாகவும் பேசுவார்கள். அவர்கள் குரலை அடைத்துவிட வழி இருக்கிறது. முறையிடவும் வழி இருக்கிறது. ஆனால் ஆட்டம் அதற்குள் போய்விடும். அதனால் குறி மட்டும் வைப்பேன்.” களத்தில் ஓர் இடத்தைச் சுட்டினால், நண்பர் அனைவரின் திரையிலும் அங்கே ஓர் அடையாளம் தோன்றும், அதற்கு ‘பிங்’ என்று பெயர். 2019 பிப்ரவரியில் வந்த ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ என்னும் விளையாட்டு, வாய் திறவாமலே பகைவர், பொருள், வழி அனைத்தையும் சுட்டிக்காட்டும்படி இம்முறையை விரிவாக அமைத்துப் புகழ் பெற்றது. பேச இயலாதவர்க்கும், மொழி தெரியாதவர்க்கும் அது பேருதவிதான். ஆயினும், பேசத் தெரிந்த பெண் பேச அஞ்சிக் குறி வைக்க நேர்வது பெருமைக்குரியதன்று. வாலரண்டில் 2021 முதல் ‘கேம் சேஞ்சர்ஸ்’ என்ற பெயரில் மகளிர்க்கெனப் போட்டிகள் நடத்தப்படுவதையும் அவளே சொன்னாள்.

மறுவாரம் அண்ணனின் அணியில் ஒருவன் வரவில்லை. மகன் தங்கையை அழைத்தான். தொடங்குமுன் நண்பர்களிடம், “என் தங்கை ஆடுகிறாள். அவள் சொல்வதைக் கேளுங்கள்” என்று மட்டும் சொன்னான். நாம் வாயிலில் நின்று கேட்டோம். எவ்வளவு தெளிவு! “கார்டனில் ஒருவன், மெதுவாக வருகிறான்.” பின் அமைதி. “இப்போது இருவர்.” மீண்டும் அமைதி. நெடுநாள் பேசாமல் இருந்து, மற்றவர்கள் வீணாக்கும் சொற்களையெல்லாம் கேட்டுப் பழகியவள் ஆதலின், அவள் வாயிலிருந்து வீண்சொல் ஒன்றும் வரவில்லை. ஒருவரின் வாயை அடைக்கும் அணி, ஐவரைக் களத்தில் நிறுத்தி நால்வரைக் கொண்டே ஆடுகிறது. குடும்பத்திலும் இப்படி எத்தனை பேரை ‘உனக்கென்ன தெரியும்’ என்று அடைத்து வைத்திருக்கிறோம்!

துப்பாக்கி விளையாட்டை நாம் போற்றுவதாக யாரும் எண்ண வேண்டாம். சுடுவதை வேடிக்கையாக்குவதில் நமக்கு இன்னும் மனக்குறை உண்டு. நேரத்தை விழுங்குவதும் மெய்யே. இப்போது இரவு பத்து மணிக்கு முடிப்பதென்று பேசி வைத்திருக்கிறோம், ஏவவில்லை, பேசினோம். ஓர் ஆட்டம் 40 நிமிடம் போகக்கூடும் என்பதும், நடுவில் எழுந்தால் மற்ற நால்வரும் கெடுவர் என்பதும் தெரிந்தபின், “உடனே நிறுத்து” என்பதை விடுத்து, “இதற்கடுத்து வேறு தொடங்காதே” என்று சொல்லக் கற்றோம். அவனும் கேட்கிறான்.

ஆனால் மன்னிப்புக் கேட்பது எளிதாக இல்லை. தந்தை மகனிடம் கேட்பதா என்று பல நாள் தள்ளிப்போட்டோம். இறுதியில் அவனுடைய முறையையே கைக்கொண்டோம்: சுருக்கமாக, உள்ளதை உள்ளபடி. “அன்றிரவு உன் நண்பர்கள் கேட்க உன்னை இழிவாகப் பேசினேன். அது தவறு. அவர்களிடமும் நான் சொல்ல வேண்டும்.” அவன் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தான். பின்பு, “சரி அப்பா” என்றான். அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்தில் ஹெட்செட்டை நம்மிடம் நீட்டினான். முகமறியா நான்கு பிள்ளைகளிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். சற்று அமைதி. பிறகு அவர்களுள் ஒருவன், “பரவாயில்லை அங்கிள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அச்சிரிப்பில் நமக்கு மகிழ்ச்சி பாதி, வருத்தம் பாதி. நான்கு வீடுகளிலும் இதே கதையா?

சென்ற மாதம் மகன் பயிற்சிப் பணிக்காக வெளியூர் புறப்பட்டான். முன்பெல்லாம் எங்கே சென்றாலும், நாம் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தபின்தான் செய்தி கிட்டும். அன்றிரவு அவனே அழைத்தான். “ஏறிவிட்டேன் அப்பா. எஸ் 4, கீழ்ப்படுக்கை. காலை ஆறு மணிக்குச் சேரும்.” நாம் பழக்கத்தை விடாமல் திருப்பிச் சொன்னோம்: “எஸ் 4, கீழ்ப்படுக்கை, காலை ஆறு.” “சரி” என்றான் அவன். அறிவுரை சொல்ல வாயெடுத்தோம். பயணத்துக்கு ஐம்பது அறிவுரைகள் நாவின் நுனியில் நின்றன. அவற்றுள் எதுவும் அப்போது அவனுக்குத் தேவைப்படவில்லை. “நல்லபடியாகப் போய் வா” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டோம்.